சலவை அறைக் கணக்கு

சனி இரவு ஆட்டம் என்றால்
ஞாயிறு காலை ஐந்து மணிக்கு என் முறை.
நூற்றுப் பத்துச் சட்டை, நூற்றுப் பத்துக் கால்சட்டை.
காலுறைகளை எண்ணுவதை விட்டுவிட்டேன்.
புல்கறைக்கு வினிகர்.
ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும்;
சுடுநீர் பட்டால் கறை அங்கேயே குடியேறிவிடும்.

மணிக்குப் பத்தொன்பது டாலர் நாற்பது சென்ட் எனக்கு.
பிழியும் இயந்திரத்தில் கை சிக்கிய வருஷம்
ஆறு வாரம் சம்பளத்தோடு வீட்டில் இருந்தேன்.
யாருடைய நல்ல மனசும் இல்லை அது.
எனக்கு முன்னால் இங்கே துவைத்தவர்கள்
ஒஹையோ பனியில் பதினேழு நாள்
அட்டை பிடித்து நின்றதன் மிச்சம்.

அறுபத்தெட்டாம் எண், ஆண்ட்வான் ப்ரூசார்ட்.
லூசியானாப் பையன், வாசலில் குனிந்துதான் உள்ளே வருவான்.
முகத்தைவிட அவன் சட்டைதான் எனக்குப் பழக்கம்:
இடது தோளில் கிழியும், தைப்பேன்,
அடுத்த வாரம் அதே இடத்தில் கிழியும்.
மைதானக் கடையில் அதே எண், அதே நீலம்,
நூற்று முப்பது டாலர்.
அது கிழிவதில்லை.

பந்து எறிகிறவனுக்கு டிரக் விளம்பரம் கிடைத்தது.
அவனுக்கு முன்னால் நின்று
அடி வாங்குகிறவனின் முகம்
தலைக்கவசத்துக்குள் இருக்கிறது,
அதை எந்த டிரக் கம்பெனி பார்க்கும்?

செப்டம்பரில் முட்டி போயிற்று.
"நான் வேலையாள் இல்லையாம், மாணவனாம்," என்றான்
ஊன்றுகோலை என் மேசையில் சாய்த்துவிட்டு.
"மாணவன் என்றால்
வேதியியல் ஆய்வகத்துக்கு ஏன் விடவில்லை?
புதன் மதியம் பயிற்சி இருக்கிறதே என்றார்கள்."
வாரம் நாற்பத்தாறு மணி நேரம். அவனே எழுதி வைத்திருந்தான்,
வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில்.
நாற்பதைத் தாண்டினால் எனக்கு ஒன்றரைப் பங்கு.
சொல்ல வாய் வரவில்லை.

கூட்டம் என் அறையில்தான் நடந்தது.
பதினொரு உலர்த்திகளும் ஓடும்போது
பயிற்சியாளர் கதவில் காதை வைத்தாலும்
ஒன்றும் கேட்காது.
நான் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன்,
வெறும் துண்டுதான் மடித்தேன் என்று
யார் கேட்டாலும் சொல்வேன்.

நீச்சல் அணி நோரா லிண்ட்க்விஸ்ட்
ஈரத் தலையோடு வாசலிலேயே நின்றாள்.
"உங்களுக்குச் சம்பளம் கொடுத்தால்
பணத்துக்கு எங்கள் குளத்தைத்தான் மூடுவார்கள்.
எங்கள் ஆட்டத்துக்கு யார் டிக்கெட் வாங்குகிறார்கள்?"
யாரும் பேசவில்லை. உலர்த்திகள் பேசின.
ஆண்ட்வான் நெடுநேரம் கழித்து,
"அப்போ நீயும் சேர்," என்றான்.
அது பதிலா என்று எனக்குத் தெரியவில்லை.
அவளுக்கும் தெரியவில்லை.
ஒரு துண்டு கொடுத்தேன், தலை துவட்டிக்கொண்டு போனாள்.

நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்தார், கோட்டு சூட்டோடு.
"குடும்பத்துக்குள் எதற்குச் சங்கம்?
இது விளையாட்டு, உழைப்பு இல்லை."
அவர் கையில் நேற்றைய கால்சட்டை ஒன்றைக்
கொடுத்துப் பார்த்திருக்கலாம்.
விளையாட்டுக்குக்கூட எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

நவம்பரில் ஓட்டுப் போட்டார்கள்.
பெட்டியை அரக்கு வைத்து எடுத்துப் போனார்கள்,
மேல்முறையீடாம்.
கிளீவ்லண்டில் ஏதோ அலமாரியில் இருக்கிறது.
எண்ணவில்லை.
இரண்டு வருஷமாக எண்ணவில்லை.

ஆண்ட்வான் இப்போது லேக் சார்ல்ஸில்
மாமாவோடு கூரை போடுகிறான்;
மழை பெய்தால் முட்டி முதலில் சொல்லுமாம்.
அறுபத்தெட்டு இப்போது ஒரு புதுப் பையனுக்கு.
என் பழைய தையல் அவன் தோளில் உரசும்,
கேட்டால் சட்டை புதுசு என்பார்கள்.

போன வாரம் பழைய மேலங்கி ஒன்றின் பையில்
அட்டை ஒன்று, என்னோடு சேர்ந்து துவைபட்டது.
சங்கத்தில் சேரச் சம்மதம்,
கையெழுத்துப் போட்டு
கொடுக்காமலே வைத்திருந்திருக்கிறான் எவனோ.
மை கரைந்து பேர் போய்விட்டது.
தேதி மட்டும் நிற்கிறது.

எட்டாம் உலர்த்தியின் மேல் காய வைத்திருக்கிறேன்.
யாராவது தேடி வந்தால் கொடுக்க வேண்டும்.